அச்சத்தை அளந்த வரலாறு



ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் பணித்தார். சோழர் கடல் கடந்த வரலாறும், வங்கத்திற்கும் தமிழகத்திற்கும் இருந்த பழந்தொடர்பும் இம்மலரில் பலமுறை வந்துள்ளன. நாமும் அவற்றைப் பற்றி எழுதியதுண்டு. இம்முறை கடல் கடக்க வேண்டுவதில்லை. பாலிகஞ்ச் சந்திப்பின் நடைமேம்பாலத்தில் ஏறி, இருப்புப்பாதைக்குக் கிழக்கே இறங்கினால் போதும். தில்ஜலாப் பகுதியில், நெருங்கிய வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் நடுவே ஒரு மருத்துவமனை உள்ளது. லும்பினி பார்க் என்பது அதன் பெயர். புத்தர் பிறந்த இடத்தின் பெயரைத் தாங்கிய அம்மனையைக் கடந்து செல்லும் நம்மவருள் பலர், அங்கு யார் வைத்தியம் செய்தார், எதற்குச் செய்தார் என்பதை அறியார். நாமும் நெடுநாள் அறியாதிருந்தோம்.

அறிய நேர்ந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதனை உரிய இடத்தில் சொல்லுவோம். நாம் பத்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்து, இரயில்வேயில் எழுத்தராய் இருப்பவர். மருத்துவம் பேசும் தகுதி நமக்கில்லை. படித்தும் கேட்டும் அறிந்த வரலாற்றைக் குடும்பத்தார் அனைவரும் படிக்கும்படி எடுத்துரைப்பதே இங்கு நம் நோக்கம்.

முன்னோர் கண்ட அச்சம்

அச்சத்தை ஆராய்ந்து வகைப்படுத்தியவருள் தமிழர் பிந்தியவரல்லர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்கிடுகின்றது. அணங்கு முதலிய தெய்வங்கள், கொடிய விலங்குகள், கள்வர், தமக்கு மேலான இறைவர் ஆகியவையே அந்நான்கு. அலுவலகத்தில் பணிபுரியும் அன்பர்களுக்கு நான்காவது வகையை விளக்க வேண்டுவதில்லை.

வள்ளுவரோ அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருப்பது அறியாமை என்றார். ஆகவே அச்சம் என்பது முழுதும் இழிவன்று. பாம்பைக் கண்டு விலகுபவனும், வண்டி வரும் பாதையைக் கடக்காமல் நிற்பவனும் அச்சத்தால் உயிர் பிழைக்கின்றனர்.

ஆயினும் மேற்சொன்ன நான்கும் புறத்தே உள்ளவை. புலியும் இல்லை, கள்வனும் இல்லை, மேலதிகாரியும் விடுமுறையில் இருக்கின்றார். அப்பொழுதும் ஒருவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை கால் உதறுகிறது, உறக்கம் வாராது என்றால் அதற்கு என்ன பெயர்? நம் மொழி இதனையும் அறியாமலில்லை. குலை நடுங்கிற்று என்கிறோம். வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். படபடப்பு, பதைபதைப்பு என்கிறோம். வங்கத்து அண்டை வீட்டம்மையாரும் 'புக் தொர்பொர்' என்று நெஞ்சில் கை வைத்தே சொல்லுவார். அச்சம் உடம்பில் குடியிருப்பது என்பதை இரு மொழியும் அறிந்திருந்தன. ஆனால் அதை நோய் என்று பெயரிட்டு, எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்து, மருந்து தேடிய வரலாறு சுமார் நூற்றைம்பது ஆண்டுக்கு உட்பட்டதே.

இரயிலில் ஏறிவந்த நோய்

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நம் இரயில்வேக்கும் பங்குண்டு என்பதை அறிந்தபோது நமக்கு வியப்பு மேலிட்டது.

இங்கிலாந்தில் இருப்புப்பாதை பரவிய காலத்தில் விபத்துகளும் பெருகின. விபத்துக்குட்பட்ட வண்டியிலிருந்து காயமின்றி இறங்கிய பயணிகளுள் சிலர், சில நாட்களுக்குப் பின் நடுக்கம், உறக்கமின்மை, படபடப்பு ஆகியவற்றால் வருந்தினர். 1866இல் எரிக்சன் என்னும் அறுவை மருத்துவர், முதுகுத் தண்டு அதிர்ந்ததால் வந்த கேடு இது என்றார். மக்கள் இதற்கு 'இரயில்வே முதுகெலும்பு' என்றே பெயரிட்டனர். இழப்பீட்டு வழக்குகள் குவிந்தன. 1883இல் இலண்டன் வடமேற்கு இரயில்வேயின் மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் என்பார், முதுகெலும்பில் பழுதில்லை, பேரச்சமே உடலை இவ்வாறு குலைக்க வல்லது என்று ஒரு நூலில் வாதிட்டார். கம்பெனியின் பணத்தைக் காக்க அவர் இப்படிச் சொன்னார் என்று அக்காலத்தவர் ஐயுற்றிருக்கலாம். எனினும் அச்சம் ஒன்றே நோய்க்குக் காரணமாகலாம் என்ற பெரிய உண்மை அவ்வழக்குகளின் வழியே வெளிப்பட்டது.

புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9ஆம் நாள் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் விபத்தில் சிக்கினார். காயமின்றித் தப்பியதோடு, காயமுற்றோர்க்கு நீர் கொடுத்து உதவியும் செய்தார். ஆயினும் அதன்பின் இரயிலில் ஏறினால் திடீரென்று பேரச்சம் அவரைப் பற்றிக்கொள்ளும். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1870இல் அதே ஜூன் 9ஆம் நாள் அவர் காலமானார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் இவ்வாறே நெஞ்சுப் படபடப்போடு வந்த வீரர்கள் பலர். அவர்களுள் பலரது இருதயத்தில் பழுதொன்றும் காணாத மருத்துவர் டா கோஸ்டா 1871இல் அதனை விரித்தெழுதினார். அக்காலத்து மருத்துவர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பர், முதுகைத் தட்டிப் பார்ப்பர். மனத்தைத் தட்டிப் பார்க்க அவர்களிடம் கருவி இல்லை.

வியன்னாவும் கல்கத்தாவும்

1895இல் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட், பொதுவான நரம்புத் தளர்ச்சியினின்று அச்ச நோயைத் தனியே பிரித்துப் பெயரிட்டார். அவருக்கே இரயிற் பயண அச்சம் பல ஆண்டு இருந்தது. வண்டி தவறிவிடுமோ என்று மிக முன்னதாகவே நிலையத்திற்குச் சென்று நிற்பாராம். 1926இல் அவர் தம் முந்திய கருத்தைத் திருத்தி, அச்சம் என்பது வரப்போகும் ஆபத்தை மனத்திற்கு அறிவிக்கும் சைகை என்று எழுதினார்.

இரயில்வேக்காரருக்கு இதைவிட விளக்கமான உவமை வேண்டுமோ? கைகாட்டி சிவப்புக் காட்டினால் வண்டி நிற்கிறது, விபத்து தவிர்கிறது. அச்சமும் அத்தகையதே. ஆனால் முன்னே பாதை காலியாக இருக்கும்போதும் கைகாட்டி சிவப்பிலேயே சிக்கிக்கொண்டால் வண்டிகள் அனைத்தும் நின்றுவிடும். ஓட்டுநரைக் கோழை என்று ஏசுவதால் பயனில்லை. பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டும்.

அவ்வாறு பழுது பார்க்க முன்வந்தவருள் நம் கல்கத்தா நகரத்தவர் ஒருவர், ஐரோப்பா செல்லாமல், எவரிடமும் சீடராய் அமராமல், தாமே அவ்வழியைத் தொடங்கினார். அவரே கிரீந்திரசேகர போஸ் ஆவார்.

1887இல் பிறந்த இவருடைய தந்தையார் தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். பரசுராமர் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்கத்தைச் சிரிக்க வைத்த ராஜசேகர போஸ் இவருடைய தமையனார். கிரீந்திரசேகரர் 1910இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இளமையில் மந்திரஜாலத்திலும் மனோவசியத்திலும் ஆர்வம் மிக்கவர். உடல் நோய்க்கு வைத்தியம் செய்யத் தொடங்கியவர், மனத்தால் வரும் நோய்களை மனத்தின் வழியே தீர்க்க முயன்றார். 1916இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாக மனநூற்றுறை நிறுவப்பட்டது. ஹார்வார்டில் பயின்று வந்த நரேந்திரநாத் சென்குப்தா அதன் தலைமை ஏற்றார். தொழிலில் இறங்கிவிட்ட மருத்துவரான போஸ் மீண்டும் மாணவராகி, 1917இல் அத்துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1921இல் மன அடக்கம் பற்றிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவ்வாராய்ச்சி நூலை அவர் பிராய்டுக்கு அனுப்பினார். தொலைதூர நாட்டில் தம் கொள்கை இவ்வளவு ஆழமாகக் கற்கப்படுவது கண்டு பிராய்ட் மகிழ்ந்து விடை எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறையும் நேரிற் சந்தித்ததில்லை. முகமறியா நண்பர் எப்படி இருப்பார் என்று கற்பனை செய்து, யதீந்திரகுமார் சென் என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்துப் போஸ் வியன்னாவுக்கு அனுப்பினார். படம் அழகாகவே இருந்தது. ஆளுக்கும் படத்திற்கும் பொருத்தம் குறைவு என்று பிராய்ட் நகைச்சுவையோடு விடை எழுதினார்.

1922இல் வடகல்கத்தாவில் பார்சிபாகான் சந்து 14ஆம் எண்ணுள்ள போஸ் இல்லத்தில், 15 உறுப்பினரோடு இந்திய உளப்பகுப்புக் கழகம் பிறந்தது. அவ்வீட்டிலேயே தமையனும் தம்பியும் நண்பரும் கூடிப் பேசி மகிழும் ஒரு சபையும் இருந்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் உத்கேந்திர சமிதி. மையம் விலகியவர்களின் கூட்டம் என்று பொருள் கொள்ளலாம். பிறர் பித்தர் என்று சொல்லுமுன் தாமே சொல்லிக்கொண்ட பெருந்தன்மை அது.

பிராய்டிடம் பேரன்பு கொண்டிருந்தும் போஸ் அவர் சொன்னதையெல்லாம் ஏற்றுக்கொண்டாரல்லர். ஒவ்வொரு விருப்பத்தின் பின்னும் அதற்கு எதிரான விருப்பம் ஒன்று மறைந்துள்ளது என்பது போஸின் கொள்கை. அடிக்க விரும்புபவனுக்குள் அடிபட விரும்பும் மனமும் உண்டு. ஒன்று மேலே நிற்க மற்றொன்று கீழே அமுங்குகிறது. அமுங்கிய மனத்தை அறிந்து ஏற்றுக்கொள்ளும்போது நோயாளி விடுபடுகின்றான் என்றார். 1929இல் எழுதிய கடிதமொன்றில், ஐரோப்பிய நோயாளிகளிடம் மேலோங்கி நிற்கும் ஒருவகை அச்சம் தம் இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு வலுவாக இல்லை என்று துணிந்து குறிப்பிட்டார். பிராய்ட் அதை முழுதும் ஒப்பவில்லை. ஆயினும் குடும்ப அமைப்பு மாறினால் அச்சத்தின் வடிவும் மாறலாம் என்ற எண்ணத்தைக் கல்கத்தாவிலிருந்து ஒருவர் அன்றே எழுப்பினார் என்பது சிறிய செய்தியன்று.

1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்த நாளுக்குக் கல்கத்தாக் கழகத்தார் யானைத் தந்தத்தாற் செய்த விஷ்ணு சிலையொன்றை அனுப்பினர். அவர் அதைத் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார். 1938இல் நாஜிகளுக்குத் தப்பி அவர் இலண்டன் சென்றபோது அச்சிலையும் உடன் சென்றது. அங்கு அவர் வாழ்ந்த இல்லம் இன்று காட்சிச்சாலையாக உள்ளது. சிலையும் அங்கேயே உள்ளது.

1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போஸ் மனநோய்க்குப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆர். ஜி. கர் என்ற பெயர் பெற்ற கல்லூரி அதுவே. பொது மருத்துவமனையொன்றில் இத்தகைய பிரிவு ஏற்பட்டது இந்தியாவில் அதுவே முதன்முறை. அதுவரை மனநோய் என்றால் மதில் சூழ்ந்த விடுதிதான் கதி. காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கும் வரிசையிலேயே நின்று மனக்கலக்கத்திற்கும் சீட்டு வாங்கலாம் என்பதன் பெருமையை, நாற்பதாண்டு காலம் வரிசைகளிலேயே வாழ்ந்துவிட்ட நாம் நன்கு உணர்வோம்.

1940இல் தமையனார் ராஜசேகர போஸ் அளித்த இடத்தில், மூன்றே படுக்கைகளோடு லும்பினி பார்க் தொடங்கிற்று. 1942இல் நோயுற்ற கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் சில மாதம் இங்கு வைத்துப் பார்க்கப்பட்டார். 1947இல் கழகம் 'சமீக்ஷா' என்ற ஆராய்ச்சி இதழையும் வெளியிட்டது. 1953 ஜூன் 3ஆம் நாள் கிரீந்திரசேகரர் மறைந்தார். லும்பினி பார்க் இப்பொழுது மாநில அரசின் மருத்துவமனையாக நடைபெற்று வருகின்றது.

தராசு பிறந்தது

போஸும் பிராய்டும் அச்சத்தைக் கேட்டறிந்தனர், நிறுத்தறியவில்லை. ஒருவனது கதையை நூறு மணி நேரம் கேட்பது ஒரு வழி. ஆனால் நோய் எவ்வளவு, மருந்துக்குப் பின் எவ்வளவு குறைந்தது என்று இரண்டு மருத்துவர் ஒத்துப் பேச வேண்டுமானால் எண் வேண்டும்.

பார்சல் அலுவலகத்தில் பல ஆண்டு பணிபுரிந்த நமக்குத் தராசின் இயல்பு தெரியும். நல்ல தராசுக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. ஒரே மூட்டையை இருமுறை வைத்தால் ஒரே எடை காட்ட வேண்டும். அன்றியும் அது எடையைத்தான் காட்ட வேண்டும். மூட்டையின் பருமனைக் கண்டு ஏமாறலாகாது. பஞ்சு மூட்டை பெரிது, ஈயக்கட்டி சிறிது என்பது தராசுக்குப் பொருட்டன்று. மனத்தை அளக்கும் வினாத்தாளுக்கும் இவ்விரண்டு இலக்கணங்களையே மனநூலார் விதித்துள்ளனர்.

1953இல் அமெரிக்காவில் ஜேனட் டெய்லர் என்னும் அம்மையார் 50 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று விடை தர வேண்டும். 1959இல் மாக்ஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் வேறு வழி கண்டார். அவரது அளவையில் மருத்துவரே நோயாளியை வினவி 14 தலைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் 4 வரை மதிப்பெண் இடுவார். முழு எண் 56. உறக்கம், மூச்சு, நெஞ்சு, குடல், தசை என உடற்குறிகளும் அதில் உண்டு.

1970இல் ஸ்பீல்பெர்கரும் அவர் துணைவரும் ஒரு நுட்பமான வேறுபாட்டைத் தம் அளவையில் அமைத்தனர். இப்பொழுது இருக்கும் அச்சம் வேறு, இயல்பாகவே அமைந்த அச்சம் வேறு. இரண்டுக்கும் தனித்தனியே 20 வினாக்கள். ஹூக்ளி நதியைப் பாருங்கள். கடலின் ஏற்றவற்றத்தால் மணிக்கு மணி நீர்மட்டம் மாறுகிறது. ஆயினும் மழைக்காலத்து நதி வேறு, கோடைக்காலத்து நதி வேறு. ஒரு நாழிகையின் மட்டத்தைக் கண்டு நதியின் இயல்பைக் கூறலாகாது. தேர்வு நாளன்று நடுங்கும் பிள்ளையையெல்லாம் நோயாளி என்று சொல்லாமல் காத்தது இவ்வேறுபாடே.

2006இல் ஸ்பிட்சர் என்பாரும் துணைவரும் வெளியிட்டது மிகச் சிறிய அளவை. வினாக்கள் ஏழே. கடந்த இரண்டு வாரங்களில் கவலையை நிறுத்த முடியவில்லையா, நிலைகொள்ளாமல் இருந்தீர்களா, ஏதோ தீங்கு நேரப்போகிறது என்று அஞ்சினீர்களா என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் 3 வரை. முழு எண் 21. ஐந்து முதல் இலேசு, பத்து முதல் நடுத்தரம், பதினைந்து முதல் கடுமை. இவ்வெண் தீர்ப்பன்று, மருத்துவரிடம் செல்லத் தூண்டும் சீட்டு மட்டுமே.

நம் நாட்டவரின் பங்கு

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்தது. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அதன்பின் எழுந்த வதந்திகளைத் திரட்டி ஆராய்ந்த ஜமுனா பிரசாத் 1935இல் கட்டுரை வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதத்தைக் காணாத ஊர்களில், இதைவிடப் பெரிய கேடு வரப்போகிறது என்ற வதந்திகள் மிகுந்திருந்தன. டார்ஜிலிங் மலைச்சரிவுக்குப் பின் துர்கானந்த சின்கா அவ்வாறே ஆராய்ந்து 1952இல் எழுதினார். சேதத்தைக் கண்முன்னே கண்ட மக்களிடம் அத்தகைய மிகைப்பேச்சு இல்லை.

அமெரிக்க அறிஞர் பெஸ்டிங்கர் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தார். வதந்தியால் அச்சம் பிறக்கவில்லை. முன்னமே உள்ளே பிறந்துவிட்ட அச்சம் தனக்கு ஒரு காரணம் வேண்டி வதந்தியைப் பிறப்பிக்கிறது என்று அவர் கண்டார். 1957இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற மனமுரண்பாட்டுக் கொள்கைக்கு நம் நாட்டு நிலநடுக்கம் இவ்வாறு விதையாயிற்று. காரணமற்ற அச்சம் காரணத்தைத் தேடி அலையும் என்பது எவ்வளவு உண்மை என்பதை நாம் சொந்த அனுபவத்திற் கண்டோம்.

பின்னர் சின்கா இந்தியருக்கென்றே அச்ச அளவை ஒன்றை அமைத்தார். பிற நாட்டு வினாவை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. படபடப்பு என்று சொல்லிப் பழகிய தமிழனிடம் புத்தகச் சொல்லால் வினவினால், அப்படியொன்றும் இல்லை என்றே சொல்லிவிடுவான்.

மருந்தும் பயிற்சியும்

அளவை ஒருபுறம் வளர, மருத்துவமும் வளர்ந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனை அமர்த்தி, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைத் தந்து, முயலை முதலில் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். இறுதியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசப் வோல்பே 1958இல் இதனை ஒழுங்கான மருத்துவ முறையாக வகுத்தார். உடலைத் தளரவிடப் பழக்கி, அஞ்சும் பொருள்களைப் படிக்கட்டு போல் வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுவது அம்முறை. அச்சத்திற்கு உணவு விலகியோடுதலே; விலகாமல் நின்றால் அது தானே மெலியும். 1960க்குப் பின் ஆரன் பெக் முதலானோர், அச்சத்தின் பின்னால் ஓடும் தவறான எண்ணங்களை நோயாளியே கண்டு திருத்தும் வழியைச் சேர்த்தனர்.

மாத்திரையின் வரலாற்றிலும் கல்கத்தாவுக்கு இடமுண்டு. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர் சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதை இங்கிருந்தே எழுதி வெளியிட்டனர். மேல்நாட்டில் 1960இல் குளோர்டயாசிபாக்சைடும் 1963இல் டயாசிபாமும் விற்பனைக்கு வந்தன. அச்சம் உடனே தணிந்தது; ஆனால் நெடுநாள் உட்கொண்டோர் அவற்றுக்கு அடிமையாயினர். ஆதலின் மருத்துவர் அவற்றைச் சிறிது காலத்திற்கே தருவர். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்கும் பழக்கம் நம் காலனியில் அறவே ஒழிய வேண்டும்.

சொந்தக் கதை

இனி முன்னே சொல்வோம் என்று சொன்னது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றன. சியால்தாவின் புறநகர் வண்டிகள் அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள்தான் மீண்டும் ஓடின. வண்டி ஓடத் தொடங்கிய சில வாரங்களில் நமக்கு நோய் தொடங்கிற்று. பாலிகஞ்ச் நடைமேம்பாலத்தின் நடுவே ஒரு நாள் நெஞ்சு இடித்தது, மூச்சு முட்டியது, கண் இருண்டது. மாரடைப்பு என்றே துணிந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றோம். மருத்துவமனை ஒன்றில் இருதயத்தைப் பதிவு செய்து பார்த்தனர். பழுதில்லை. அங்கிருந்தவர் ஒருவர், ஒன்றுமில்லை, வீண் பிரமை, வீட்டுக்குப் போங்கள் என்று சீட்டை நீட்டினார்.

ஒன்றுமில்லை என்ற சொல் ஆறுதலாகவில்லை. மூன்று மாதத்தில் ஐந்துமுறை அவ்வாறு நேர்ந்தது. மேம்பாலத்தைத் தவிர்த்துச் சுற்றிச் சென்றோம்; பின் வண்டியையே தவிர்த்தோம்; பின் கடைத்தெருவையும் தவிர்த்தோம். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டோம்: வாயு, இரத்தக்குறைவு, செய்வினை. மாமியார் தாயத்துக் கட்டினார். வீட்டம்மாள் மட்டும், 'வெளியே சொன்னால் நாளை பெண்ணுக்கு வரன் வருமா?' என்று கண்ணீர் விட்டாள். அச்சொல்லே நம்மை ஓராண்டு வாய் மூடச் செய்தது.

இறுதியில் வேறொரு மருத்துவர் நம் கையில் ஒரு தாளைத் தந்தார். அதில் ஏழு வினாக்கள். விடைகளைக் கூட்டினார், 16 வந்தது. 'இதற்குப் பெயருண்டு, அளவுண்டு, மருந்துமுண்டு' என்றார். அன்பர்களே, அவ்வெண்ணைக் கண்டபோது நமக்கு உண்டான நிம்மதியைச் சொல்ல இயலாது. எடை போடத்தக்கது எதுவோ, அது பிரமையன்று. மருந்தோடு பயிற்சியும் தந்தார். முதல் வாரம் மேம்பாலத்தின் மூன்று படி. மறு வாரம் பாதிப் பாலம். வீட்டம்மாள் உடன் வந்தாள். ஏழு மாதம் கழித்து அதே தாளில் 4 வந்தது. அன்று பாலத்தைக் கடந்து கிழக்கே இறங்கியபோதுதான், லும்பினி பார்க் என்ற பெயர்ப்பலகையை நின்று படித்தோம்.

நம் கடமை

நம் நிலை புதுமையன்று. பெருந்தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் அச்சமும் மனச்சோர்வும் நூற்றுக்கு 25 பங்கு பெருகின என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அதற்கு முன்னரே பெங்களூர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடும் மேற்கு வங்கமும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் கணக்கெடுத்தது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனக்குறை இருந்தது. நோயின் வகைக்கேற்ப, அவர்களுள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை மருத்துவம் பெறாதிருந்தனர். நம் சங்கத்து விருந்துப் பந்தியில் நூறு பேர் அமர்ந்தால் கணக்கு என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

ஊரில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரிப்போம். இங்கே ராஞ்சி என்று சொல்லிச் சிரிப்பர். அச்சிரிப்புக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநல மருத்துவம் பெறுவதைக் குடிமக்களின் உரிமையாக்கியுள்ளது. காப்பீட்டிலும் உடல்நோய்க்கு நிகராக மனநோயையும் வைக்க வேண்டும் என்று விதித்துள்ளது. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். வங்காளியும் இந்தியும் சரளமாக வாராத நம் வீட்டு மூதாட்டியருக்கு இது பெருந்துணை. இவ்வெண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டுகின்றோம்.

இக்கட்டுரையைத் தம் பெயரோடு வெளியிடலாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் மகளே, 'போடுங்கள் அப்பா. இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று போகும் வரன் நமக்கும் வேண்டாம்' என்று முடிவு சொன்னாள். கிரீந்திரசேகரர் மூன்று படுக்கையோடு தொடங்கிய பணி, பாலத்திற்கு இப்பால் ஒரு தமிழ் வீட்டிலும் இவ்வாறு சற்றே பலித்தது என்று கொள்கின்றோம்.

உங்கள் இல்லத்தில் எவரேனும் காரணமின்றிப் படபடக்கின்றார் என்றால் ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். எவ்வளவு நாளாக என்று கேளுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். தனியே பாலம் ஏற அஞ்சும் அன்பர் யாரேனும் இருப்பின் நமக்குச் சொல்லியனுப்புங்கள். மாலை ஆறு மணிக்குப் பணி முடிந்து, நாம் படிக்கட்டின் அடியில் காத்திருப்போம்.

வளர்க நம் சங்கம்! நலம் பெறுக நம் குடும்பங்கள்!